மாமியாருக்கு எந்த மொழியில் சிகிச்சை?

கேள்வி: நான் திருச்சிக்காரி. ஹூஸ்டனில் வசிக்கிறேன். கணவரின் குடும்பம் மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரிலிருந்து வந்தது. அவர் இங்கேயே பிறந்தவர். எங்களோடு இருக்கும் மாமியாருக்கு 67 வயது. சலத்தெனாங்கோ பகுதியின் மலைக் கிராமம் ஒன்றிலிருந்து 1984-ல் வந்தார். பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2024 ஜூலையில் பெரில் புயல் அடித்தபோது எங்கள் தெருவில் பல நாள் கரண்ட் இல்லை. அதிலிருந்து ஆளே மாறிவிட்டார். வெளியே போகும் உடுப்போடுதான் படுக்கிறார். கட்டிலடியில் ஷூ, கதவோரம் ஒரு பை, அதில் தண்ணீர், பிஸ்கட், பாஸ்போர்ட். நடு இரவில் எழுந்து ஜன்னலோரம் நிற்கிறார். போன மாதம் ஓர் இரவு மறுபடி கரண்ட் போனது. ஐந்து வயது மகள் பயந்து அழுதாள். மாமியார் அவள் வாயைப் பொத்தி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் பிடுங்கி எடுக்க வேண்டியதாயிற்று. கத்திவிட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு தெரபிஸ்ட்டின் அறிமுகக் குறிப்பைப் பார்த்தேன். மெக்சிகோவிலிருந்து வந்த பெற்றோர், ரியோ கிராண்ட் பள்ளத்தாக்கில் (மெக்சிகோ எல்லையை ஒட்டிய டெக்சாஸ் பகுதி) வளர்ந்தவர், ஸ்பானிஷ்-ஆங்கிலம் இரண்டிலும் ஆலோசனை, எல்.பி.சி. அசோசியேட், இ.எம்.டி.ஆர். (மன அதிர்ச்சிக்கான ஒரு சிகிச்சை முறை) பயிற்சி, ‘உடல், மனம், ஆன்மா மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் அணுகுமுறை’ என்று இருக்கிறது. இவர் போதுமா? அல்லது ஆங்கிலம் மட்டும் தெரிந்த, நீண்ட அனுபவமுள்ள சைக்காலஜிஸ்ட் மேலா? மாமியாருக்கு ஆங்கிலம் ஓரளவு நன்றாகவே வரும். ‘தேவைப்பட்டால் நான் கூட உட்கார்ந்து மொழிபெயர்க்கிறேன்’ என்கிறார் கணவர். ‘நாற்பது வருஷத்துப் புண்ணைக் கிளறாதீங்க’ என்கிறார் நாத்தனார்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கணவர் மொழிபெயர்ப்பதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் எனக்குத் தயக்கமே இல்லை. வேண்டாம். ஒரு தாய் மகனிடம் இத்தனை வருஷம் சொல்லாததை அந்த மகன் வாய் வழியாகவே இன்னொருவருக்குச் சொல்ல மாட்டார். சொன்னாலும் அவன் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் சொல்வார். மகனும் கேட்டதை அப்படியே சொல்ல மாட்டார். சிலதை மெருகேற்றுவார், சிலதை விழுங்குவார். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரப்போவதும் அவர்தான். அரசு நிதி பெறும் மருத்துவமனைகள் குழந்தைகளை மொழிபெயர்க்க வைப்பதை அவசரநிலை தவிர மற்ற நேரத்தில் விதிகளே தடுக்கின்றன. வளர்ந்த உறவினர் என்றாலும் நோயாளி தானாகக் கேட்டால்தான். ஆங்கிலம் மட்டும் தெரிந்த சைக்காலஜிஸ்ட்டிடம்தான் போவது என்று முடிவானால், பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேளுங்கள். கணவரின் வேலை வண்டி ஓட்டுவதும் வெளியே காத்திருப்பதும்தான். அது சின்ன வேலை இல்லை.

எனக்கு ஸ்பானிஷ் பேச வராது. டெக்சாஸில் மனநல ஆலோசகராக, ஸ்பானிஷில் சிகிச்சை தருபவர்களுக்குப் பக்கத்து அறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்ததில் தெரிந்துகொண்டதை வைத்து எழுதுகிறேன்.

அந்த இரவு பற்றி. எல் சால்வடோரில் 1980 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. சுமார் 75,000 பேர் மாண்டார்கள். போரில் மின்கோபுரங்களைத் தகர்ப்பது வழக்கமாக இருந்ததால், அந்த நாட்டு நகரவாசிகளுக்குக் கரண்ட் கட் என்றாலே போர் ஞாபகம் வரும். ஆனால் சலத்தெனாங்கோவின் மலைக் கிராமங்கள் பலவற்றில் அன்று மின்சாரமே கிடையாது. அங்கே இருட்டுக்கு வேறு அர்த்தம். ராணுவம் தேடுதலுக்கு வருகிறது என்றால் ஊரே இரவோடு இரவாகக் கிளம்பிவிடும். பகலில் புதரிலும் பள்ளத்திலும் பதுங்கி, இரவில் நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையாக நடப்பார்கள். அந்த ஓட்டத்தைக் ‘கிந்தா’ என்பார்கள். ஒரு குழந்தை அழுதால் மொத்த வரிசையும் காட்டிக்கொடுக்கப்படும். அதனால் தாய்மார் குழந்தைகளின் வாயைப் பொத்தினார்கள். அப்படி மூச்சடங்கிப் போன குழந்தைகளும் உண்டு. 1982 மே, ஜூனில் நடந்த பெரிய கிந்தாவில் பல குழந்தைகள் தொலைந்துபோனார்கள். சிலரை ராணுவமே தூக்கிப்போனது. அப்படித் தொலைந்தவர்களைத் தேடுவதற்காக ஜான் கோர்த்தினா என்ற பாதிரியார் 1994-ல் தொடங்கிய ‘ப்ரோ-புஸ்கேதா’ அமைப்பு, வளர்ந்துவிட்ட பிள்ளைகளைக் கண்டுபிடித்துக் குடும்பங்களோடு சேர்த்துவைத்திருக்கிறது.

உங்கள் மாமியார் இதில் இருந்தார் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போய் ‘அத்தை, நீங்க கிந்தாவில் போனீங்களா’ என்று கேட்டுவிடாதீர்கள். ஆனால் ஷூ, பை, உடுத்தியபடி தூக்கம், குழந்தையின் வாயில் கை ஆகிய நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, அது கிறுக்குத்தனமாகவோ பேத்தியின் மேல் கோபமாகவோ எனக்குத் தெரியவில்லை. பேத்தியைக் காப்பாற்றிய கையாகத்தான் தெரிகிறது. வேலையில் இருந்தவரை அதிகாலை எழுந்து ஓடியவர், ஓய்வு பெற்ற பிறகு இப்படி ஆவது நாங்கள் அடிக்கடி பார்ப்பதுதான். ஒரு எச்சரிக்கை மட்டும். 67 வயதில் புதிதாக இரவுக் குழப்பம் வந்தால் அதைப் பழைய போர் என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. குடும்ப டாக்டரிடம் காட்டி தைராய்டு, தூக்கத்தில் மூச்சுத் தடை, சாப்பிடும் மாத்திரைகள், ஞாபகசக்தி எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதற்காகத் தெரபிஸ்ட்டைத் தேடுவதை நிறுத்த வேண்டாம், இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும்.

இப்போது மொழி. ‘ஆங்கிலம் நன்றாகவே வருமே’ என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளிச் சமையலறையில் ஆங்கிலம் பேசுவது வேறு, இதைப் பேசுவது வேறு. 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், துருக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு பிறகு ஆங்கிலம் கற்றவர்களின் விரலில் தோலின் மின்கடத்தலை அளக்கும் கருவியைப் பொருத்திப் பல சொற்களைக் காதில் போட்டார்கள். சின்ன வயதில் அம்மா அப்பா திட்டும் வாசகங்களைத் தாய்மொழியில் கேட்டபோது உடம்பு கூடுதலாகத் துள்ளியது. அதே திட்டு ஆங்கிலத்தில் வந்தபோது அந்த அளவுக்கு இல்லை. உங்களையே யோசித்துப் பாருங்கள், ஆபீசில் ஆங்கிலத்தில் வாங்கும் வசவும் அப்பா தமிழில் சொன்ன ஒரு சொல்லும் ஒன்றா?

அதனால் ஆங்கிலத்தில் மட்டும் பேசினால் உங்கள் மாமியார் மிக நிதானமாக, செய்தி வாசிப்பதுபோல எல்லாம் சொல்லிவிடக்கூடும். கேட்பவர் ‘நன்றாகத்தான் சமாளிக்கிறார்’ என்று குறித்துக்கொள்வார். ஆனால் இதில் பலர் கவனிக்காத மறுபக்கம் ஒன்று உண்டு. அந்தத் தூரமே சில சமயம் உதவும். தாய்மொழியில் தொண்டையில் சிக்கும் ஒரு விஷயத்தை முதல் முறை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்க்க முடியும். ஆகவே நீங்கள் தேட வேண்டியது ஸ்பானிஷில் மட்டுமே பேசுபவரை அல்ல, இரண்டுக்கும் இடையில் அவர் போய்வருவதை அனுமதித்து, எந்த இடத்தில் மொழி மாறுகிறார் என்று கவனிக்கத் தெரிந்தவரை. எதைச் சொல்ல வரும்போது சட்டென்று ஆங்கிலத்துக்குத் தாவினார், எதைச் சொன்னபோது ஸ்பானிஷ் தானாக வந்தது என்பதெல்லாம் அந்த அறையில் தகவல். ‘ஸ்பானிஷிலேயே சொல்லுங்களேன்’ என்று வற்புறுத்துபவர் அரைகுறை.

சரி, உங்கள் அறிமுகக் குறிப்புக்கு வருவோம். எல்.பி.சி. என்பது உரிமம் பெற்ற தொழில்முறை ஆலோசகர். ‘எல்.பி.சி. அசோசியேட்’ என்றால் முதுகலைப் படிப்பும் தேர்வும் முடித்து, முழு உரிமத்துக்காக ஒரு மேற்பார்வையாளரின் கீழ் 3,000 மணி நேரம் வேலை செய்துகொண்டிருப்பவர். தரம் குறைந்தவர் என்று அர்த்தமில்லை. மேற்பார்வையாளர் யார் என்று டெக்சாஸில் அவர் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். உரிமம் செல்லுமா என்பதை மாநில நடத்தை நல மன்றத்தின் பதிவேட்டில் நீங்களே பார்க்கலாம். உங்களுக்கு இதில் சிக்கல் பணத்தில்தான் வரும். 2024 ஜனவரியிலிருந்து எல்.பி.சி.க்களுக்கும் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பணம் தருகிறது, ஆனால் முழு உரிமம் பெற்றவர்களுக்குத்தான். மாமியாருக்கு மெடிகேர் இருந்தால் அசோசியேட்டிடம் போகும் செலவு பெரும்பாலும் உங்கள் கையிலிருந்துதான். உரிமம் பெற்ற கிளினிக்கல் சோஷியல் ஒர்க்கர்கள் மெடிகேரில் வெகுகாலமாகவே உண்டு, ஸ்பானிஷ் பேசுபவர்கள் அவர்களிலும் இருக்கிறார்கள், அங்கேயும் தேடுங்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் போவதானால் உத்தேசச் செலவை எழுத்தில் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

‘இரு மொழி’ என்று போட்டிருப்பதில்தான் அதிகம் தோண்ட வேண்டும். பள்ளத்தாக்கில் வளர்ந்தவர் வீட்டில் ஸ்பானிஷ் பேசியிருப்பார், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த நாட்டில் படிப்பு, பயிற்சி, மேற்பார்வை எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். பாட்டியோடு சமையலறையில் பேசிய ஸ்பானிஷை வைத்துக்கொண்டு ‘உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததுண்டா’ என்று ஒரு முதியவரிடம் கேட்பது அவ்வளவு எளிதல்ல. தமிழ் நன்றாகப் பேசும் அமெரிக்கத் தமிழ்ப் பிள்ளைகளிடம் ஒரு ரகசியக் காப்பு ஒப்பந்தத்தைத் தமிழில் விளக்கச் சொல்லிப் பாருங்கள், புரியும். சான் அன்டோனியோவில் உள்ள அவர் லேடி ஆஃப் த லேக் பல்கலைக்கழகம்போல, ஸ்பானிஷில் சிகிச்சை தருவதற்கென்றே தனிப் பயிற்சி வைத்திருக்கும் இடங்களும் உண்டு. அதனால் கேளுங்கள்: ஸ்பானிஷில் முழு சிகிச்சையையும் நடத்தியிருக்கிறீர்களா, உங்கள் மேற்பார்வையாளருக்கு ஸ்பானிஷ் தெரியுமா? அவருக்குத் தெரியாது என்றால், உங்கள் மாமியார் பேசுவது வாராவாரம் ஆங்கிலத்தில் சுருக்கப்பட்டுத்தான் அவர் காதுக்குப் போகும்.

மெக்சிகோ வழி வந்தவர் என்பது குறையா? இல்லை. ஆனால் மெக்சிகோ வேறு, எல் சால்வடோர் வேறு. அந்தப் போரைப் பற்றி அவருக்கு எவ்வளவு தெரியும் என்பதைவிட, தெரியாததை மாமியாரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் பணிவு இருக்கிறதா என்று பாருங்கள். மரியாதை விஷயமும் உண்டு. கிராமத்திலிருந்து வந்த 67 வயதுப் பெண்மணியை, நாம் ‘நீங்கள்’ என்பதுபோல ‘உஸ்தெத்’ என்று அழைத்து, பெயருக்கு முன்னால் ‘டோன்யா’ சேர்ப்பதுதான் முறை. இங்கே வளர்ந்த இளையவர்கள் பாசமாகப் பேசுவதாக நினைத்து ஒருமைக்குப் போய்விடுவதுண்டு. முதல் ஐந்து நிமிடத்திலேயே ஒரு மூதாட்டி மனத்தை மூடிக்கொள்ள அது போதும். இன்னொன்று, மாமியார் தனக்கு ‘நெர்வியோஸ்’ (நரம்புகள் என்று பொருள், பதற்றமும் படபடப்பும் வருவதை அப்படிச் சொல்வார்கள்) என்று சொல்லக்கூடும். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடே அதைப் பதிவு செய்து வைத்திருக்கிறது. நல்ல தெரபிஸ்ட் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, முன்பு அது வந்தபோது என்ன செய்தீர்கள், கஷாயமா, ஜெபமா என்று விசாரிப்பார்.

‘உடல், மனம், ஆன்மா’ வரியை விட்டுத்தள்ளுங்கள். எல்லோரும் போடுவதுதான். இ.எம்.டி.ஆர். அப்படியல்ல. பிரான்சின் ஷப்பிரோ என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கி, 1989-ல் முதல் ஆய்வை வெளியிட்ட முறை அது. தெரபிஸ்ட்டின் விரல் இடமும் வலமும் போகும், கண்ணால் அதைத் தொடர வேண்டும். அல்லது இரண்டு உள்ளங்கையிலும் மாறி மாறி அதிரும் சிறு கருவியைத் தருவார்கள். அந்த நேரம் பழைய காட்சியின் ஒரு துண்டை மனத்தில் வைத்துக்கொண்டு, ‘இப்போது என்ன வருகிறது’ என்று கேட்டால் ஓரிரு வார்த்தை சொன்னால் போதும். கண்ணசைவுக்கு இதில் எவ்வளவு பங்கு என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஆனால் முறை பலன் தருகிறது என்பதை உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே ஏற்றது. அமெரிக்க முன்னாள் படைவீரர் துறை 2023-ல் வெளியிட்ட வழிகாட்டியிலும் முதல் வரிசையில் இருக்கிறது. மாமியாரைப் போன்றவர்களுக்கு இதில் பெரிய நிம்மதி என்னவென்றால், முழுக் கதையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

எட்டுக் கட்டங்கள் அதில். கண்ணசைவு நான்காவது கட்டத்தில்தான் தொடங்கும். முதலில் வரலாறு, பிறகு தயாரிப்பு: பதற்றம் வந்தால் காலைத் தரையில் ஊன்றுவது, நிறுத்து என்று கையைத் தூக்குவது, வீட்டுக்குப் போனபின் யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம். ‘முதல் நான்கு சந்திப்பில் என்ன செய்வீர்கள்?’ என்று உங்கள் தெரபிஸ்ட்டிடம் கேளுங்கள். தூக்கம், பாதுகாப்பு, நம்பிக்கை பற்றிப் பேசினால் தொழில் தெரிந்தவர். இரண்டாவது வாரமே கண்ணசைவைத் தொடங்கிவிடலாம் என்றால் நான் யோசிப்பேன்.

என் சொந்த விருப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரே விபத்து என்றால் இ.எம்.டி.ஆர். எனக்குச் சம்மதம். போர், எல்லை கடந்தது, புது நாட்டில் பயந்து வாழ்ந்த ஆண்டுகள் என்று வாழ்க்கை முழுக்கச் சிதறிக் கிடப்பவர்களுக்கு, கதையாகச் சொல்லிச் சீராக்கும் முறைதான் (நேரட்டிவ் எக்ஸ்போஷர் தெரபி) எனக்குப் பிடிக்கும். தரையில் ஒரு கயிற்றை விரிப்பார்கள். பிறந்ததிலிருந்து இன்றுவரை, நல்லவற்றுக்குப் பூவும் கெட்டவற்றுக்குக் கல்லும் வைத்துக்கொண்டே போவார் அவர். பிறகு ஒவ்வொரு கல்லாக, எங்கே, எப்போது என்று இடமும் காலமும் பொருத்திப் பேசுவார்கள். ஜெர்மனியில் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உருவாக்கியது. சுனாமிக்குப் பிறகு இலங்கையில் தமிழ்க் குழந்தைகளுக்கும் தரப்பட்டது. இதில் தேர்ந்தவர்கள் எண்ணிக்கை குறைவு, ஸ்பானிஷ் தெரிந்தவர் இன்னும் குறைவு. கிடைக்கவில்லை என்றால் அதற்காக ஒரு வருஷம் காத்திருக்காதீர்கள்.

நாத்தனார் சொல்வதை அலட்சியப்படுத்தவில்லை. அவருக்கும் அம்மாவைப் பற்றிய பயம்தான். ஆனால் ‘ஆறிய புண்’ என்பது சரியில்லை, அது ஆறவே இல்லை என்பதைத்தான் கதவோரப் பை சொல்கிறது. எல் சால்வடோரிலேயே வாழ்ந்து இதைப் பற்றி எழுதிய இக்னாசியோ மார்டின்-பரோ என்ற ஏசுசபை உளவியலாளர் இருந்தார். போரின் காயத்தை ஒருவரின் தலைக்குள் இருக்கும் நோயாக மட்டும் பார்க்காதீர்கள், அது மனிதர்களுக்கு நடுவே இருக்கிறது என்றார். 1989 நவம்பர் 16 அன்று சான் சால்வடோரின் மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகத்தில் ராணுவத்தினர் அவரையும் ஐந்து ஏசுசபைத் துறவிகளையும், சமையற்காரப் பெண்ணையும் அவர் மகளையும் சுட்டுக் கொன்றார்கள். தெரபி அறையோடு விஷயம் முடிவதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். மாமியாரின் ஊர்க்காரர்கள் ஹூஸ்டனில் இருப்பார்கள். அவர்களோடு உட்கார்ந்து புபுசா என்ற சோள அடை தட்டிக்கொண்டு ஊர்ப் பேச்சு பேசும் ஞாயிற்றுக்கிழமைகளும் மருந்தில் சேர்த்திதான்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியவை கொஞ்சம். அந்தப் பையைப் பிரிக்காதீர்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். ஹூஸ்டனில் எல்லோர் வீட்டிலும் இருக்க வேண்டிய பை அது, அவரோடு சேர்ந்து ஒரு டார்ச்சையும் பேட்டரியையும் அதில் போடுங்கள். கரண்ட் போனால் உடனே எரியும் விளக்கு ஒன்றை அவர் அறையில் வையுங்கள். இப்போதைக்கு இரவில் மகள் உங்களோடு படுக்கட்டும், ஆனால் பகலில் பாட்டியிடமிருந்து பிரிக்க வேண்டாம். மகளிடம், ‘பாட்டி இருட்டில் பயந்துட்டாங்க, உன்னைப் பாதுகாக்கப் பார்த்தாங்க, ஆனா உனக்கு வலிச்சுது, அது சரியில்லை’ என்று நேராகச் சொல்லலாம். மாமியாரிடம், கத்தியதற்கு வருத்தம் என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். காரணம் கேட்காதீர்கள். இந்தச் சம்பவத்தைத் தெரபிஸ்ட்டிடம் சொன்னால் பிரச்சினை வருமோ என்று உங்களுக்குப் பயம் இருக்கலாம். எவை ரகசியமாக இருக்கும், எவற்றைச் சட்டப்படி வெளியே சொல்லியாக வேண்டும் என்பதை முதல் சந்திப்பிலேயே அவர் ஸ்பானிஷில் விளக்க வேண்டும், விளக்காவிட்டால் கேளுங்கள். நிலைமை மோசமாகி உயிர்மேல் ஆசை இல்லாததுபோல் பேசினால் 988-ஐ அழைத்து 2-ஐ அழுத்தினால் ஸ்பானிஷில் பேசுவார்கள்.

பல தெரபிஸ்ட்டுகள் முதலில் 15 நிமிடம் போனில் இலவசமாகப் பேசுவார்கள். நீங்கள் கண்டவரையும் சேர்த்து இரண்டு மூன்று பேரைக் கூப்பிடுங்கள். உரிமம், கட்டணம், மேற்பார்வை எல்லாம் நீங்கள் கேட்டுவிட்டு, போனை மாமியாரிடம் கொடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே வாருங்கள். யாரிடம் போவது என்று அவர் சொல்லட்டும். ‘இவர்களில் யாரும் வேண்டாம்’ என்று சொன்னாலும் சரி, இன்னும் இரண்டு பேரைத் தேடுங்கள்.